இருபத்தொன்பதாம் நிலை

இலக்கியம் பேசும் இடத்தில் காணொளி விளையாட்டைப் பற்றி எழுதுவது சிலருக்கு முகச்சுளிப்பைத் தரலாம். ஆயினும் 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த டெட்ரிஸ் உலகப்போட்டி இறுதியாட்டத்தின் பதிவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு பக்கம், ஏழு முறை பட்டம் வென்ற ஜோனஸ் நியூபாயர், வயது 37. எதிரே 16 வயது ஜோசப் சேலி. அவர்கள் ஆடிய நிண்டெண்டோ பதிப்பு 1989-இல் வெளிவந்தது. அப்போது சேலி பிறந்திருக்கவேயில்லை.

அந்த ஆட்டத்தில் 29-ஆம் நிலைதான் எல்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அந்த நிலையில் கட்டை, 20 வரிசைகளையும் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் கடந்து தரையைத் தொட்டுவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்தாலோ பக்கவாட்டில் நொடிக்குப் பத்துக் கட்டங்கள்தான் நகரும். அதுவும் முதலில் சற்றுத் தயங்கிவிட்டு. ஓரத்தை எட்டுமுன் விழுந்துவிடும். ஆகவே பழைய தலைமுறையின் கலை முழுவதும் அந்தச் சுவருக்கு இப்பால் விளைந்தது: எதை எங்கே அடுக்குவது, நீளக்கட்டைக்காக எவ்வளவு நேரம் துணிந்து காத்திருப்பது, எப்போது ஆசையை விடுவது. நியூபாயர் அதில் மேதை.

சேலி பொத்தானை அழுத்திப் பிடிக்கவில்லை. கட்டைவிரலை அதிரவிட்டு, நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை தட்டினார். இது புது வித்தையல்ல. 1990-ஆம் ஆண்டின் நிண்டெண்டோ போட்டிகளில் புகழ்பெற்ற தார் ஆக்கர்லண்ட் வெகு முன்பே இப்படித் தட்டி 30-ஆம் நிலையை எட்டியிருந்தார். ஆனால் அது ஒரு தனிமனிதரின் விசித்திரமாகவே எஞ்சியிருந்தது. சேலி 3-0 என்று வென்றபின்தான் அது பாணியாயிற்று.

பிறகு எல்லாம் விரைந்து நடந்தது. 2020-இன் இறுதியில் இன்னொரு முறை வந்தது. கட்டைவிரல் பொத்தான்மேல் அசையாமல் இருக்க, மறுகையின் விரல்கள் கருவியின் முதுகை வரிசையாகத் தட்டும். (கஞ்சிரா வாசிப்பவரைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) 2023 டிசம்பரில் வில்லிஸ் கிப்சன் என்னும் 13 வயதுச் சிறுவன் இம்முறையில் ஆடி, 157-ஆம் நிலையில் நிரலையே உறைய வைத்தான்.

இது விரல் வேகம்தானே, இதில் அறிவு எங்கே என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இளைஞர்களில் பலர் இந்த ஆட்டத்துக்கு வந்ததே நியூபாயரின் பழைய பதிவுகளைப் பார்த்துத்தான். அடுக்கும் கலையை அவரிடம் கற்று, விரலை மட்டும் தாங்களாக மாற்றிக்கொண்டார்கள். இருந்தும் ஒரு வருத்தம் போகவில்லை. முப்பதாண்டுப் பொறுமையில் கனிந்த நிதானம் ஒன்று, யாரும் அதைத் தவறென்று நிரூபிக்காமலேயே, தேவையற்றுப்போனது. தோல்வியை முகம் மலர ஏற்ற நியூபாயர் 2021 ஜனவரியில் 39 வயதில் காலமானார்.

ஆட்டங்கள் முடியாமல் நீளத் தொடங்கவே, 39-ஆம் நிலையில் வேகம் இரட்டிப்பாகும்படி நிரலைத் திருத்திப் போட்டியாளர்கள் முன் வைத்தார்கள். இயந்திரம் தந்த சுவர் இடிந்துபோக, இம்முறை மனிதர்களே ஒன்றைக் கட்டவேண்டியிருந்தது.