திறப்பை எங்கே வைப்பது?

கொழும்புத் துறைமுகச் செய்திகளை எழுதித் திரிந்த காலத்தில் எனக்குக் கொள்கலன் என்றால் இரும்புப் பெட்டிதான். இப்பொழுது என் மேசைக்கு அடியிலும் நான்கு கொள்கலன்கள் இருக்கின்றன. டொக்கர் என்னும் மென்பொருளின் புண்ணியம். லினக்ஸ் நிறுவிய பழைய மடிக்கணினி ஒன்றில், 30 ஆண்டுகளாகச் சேர்த்த பத்திரிகை நறுக்குகளையும் நிழற்படங்களையும் ஏற்றி வைத்திருக்கிறேன்.

வெளியூரில் இருந்தும் அவற்றைப் பார்க்க விரும்பினேன். என் வீட்டு இணைய இணைப்புக்கோ தனிப் பொது முகவரி கிடையாது. பல வீடுகள் ஒன்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. வெளியே நின்று தட்டுவதற்குக் கதவே இல்லை. ஆகவே டெயில்ஸ்கேல் என்னும் வலைப்பின்னல் வி.பி.என். சேவையை நாடினேன். வி.பி.என். என்றதும் நம்மவர்களுக்கு 2018 மார்ச்சிலும், 2019, 2022 ஏப்ரல் மாதங்களிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது கைகொடுத்த குறுக்குவழியே நினைவுக்கு வரும். இது அதுவன்று. நமது சொந்தக் கருவிகளை, அவை எங்கிருந்தாலும், இயன்றவரை நேரடியாக ஒன்றோடொன்று பிணைப்பது. தரவை மறைத்து அனுப்புவது வயர்கார்ட் நெறிமுறை. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அந்தரங்கத் திறப்பு உண்டு. அது அந்தக் கருவியை விட்டு வெளியேறுவதில்லை. அதற்கிணையான பொதுத் திறப்புகளை மாத்திரமே இணைப்புச் சேவையகம் மற்றவற்றுக்குக் கொடுக்கிறது.

மற்றவை கொள்கலன்களில் இருக்கின்றனவே என்று இதையும் கொள்கலனில் வைத்தேன். புதிய பதிப்பு வந்தால் பழைய கொள்கலனை அழித்துப் புதியதை எழுப்புவதே டொக்கரின் வழக்கம். வெளியே இடம் ஒதுக்காவிட்டால் உள்ளே எழுதியதும் கூடவே அழியும். அந்தரங்கத் திறப்பை நான் உள்ளேதான் விட்டிருந்தேன்.

சென்ற ஆண்டு இலண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது, என்னோடு ஒரே ஆசிரிய பீடத்தில் இருந்த நண்பர் கொழும்பில் காலமானார். அஞ்சலிக் கட்டுரை கேட்டார்கள். அச்சுக்குப் போக நான்கு மணித்தியாலம். அச்சுக்கூட வாசலில் அவர் மை படிந்த கையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படமொன்று என்னிடம் இருந்தது, வேறெவரிடமும் இல்லை. எழுதி முடித்துவிட்டு வீட்டுக் கணினியைத் தேடினேன். பதிலில்லை.

முதல் நாளிரவு கொள்கலன் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருந்தது. புதியதற்குப் பழைய திறப்பு தெரியாது. அந்நியனைப்போல மீண்டும் அனுமதி கேட்டு நின்றது. நான் கொடுத்துவைத்த அனுமதிச் சாவியோ 90 நாட்களுக்கு மாத்திரமே செல்லுபடியாவது, காலாவதியாகி நெடுநாளாயிற்று. பூட்டிய வீட்டுக்குள் கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுரை படமின்றி வெளிவந்தது. பிழை முற்றாக என்னுடையது.

ஊர் திரும்பியதும் வன்தட்டில் ஒரு கோப்புறையைக் கொள்கலனோடு பிணைத்து, நிலைத்தரவை அங்கே எழுதச் செய்தேன். பத்து நிமிட வேலை. இயல்பாக 180 நாட்களில் காலாவதியாகும் கருவித் திறப்பையும் இந்தக் கணினிக்கு மாத்திரம் காலாவதியாகாதபடி மாற்றினேன். பிறகு கொள்கலனை வேண்டுமென்றே அழித்து மீண்டும் எழுப்பி, தெருவில் நின்று கைபேசியால் தேடினேன். அதே பெயரில் பதில் சொன்னது.

அந்தப் படத்தை அச்சிட்டு நண்பரின் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது.