இருண்ட திரையும் எடுக்காத படியும்

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை. அன்றைக்கு ஊருக்குள் வரும் பேருந்துகளில் தேங்காய் மூட்டைகளுக்கும் கோழிக்கூடைகளுக்கும் நடுவே ஒற்றைக்காலில் நின்றபடிதான் நாங்கள் கல்லூரிக்கு வந்து சேர்வோம். அப்படி வந்து சேர்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தமிழ்த்துறையின் மடிக்கணினியைத் திறந்தபோது அதன் திரை இருண்டு கிடந்தது.

முந்தைய நாள் மாலை, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ‘கணினியை அணைக்க வேண்டாம்’ என்ற எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்டு, மின்னிணைப்போடு அப்படியே விட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தோம். காலையில் பொத்தானை அழுத்தியதும் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றியது. புள்ளிகள் வட்டமாகச் சுழன்றன. பிறகு கறுப்பு. உள்ளே விசிறி ஓடும் ஓசை கேட்டது. விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கான விசையைத் தட்டினால் அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தது. கணினி உயிரோடுதான் இருந்தது. எங்களோடு பேச மறுத்தது.

நாங்கள் நால்வர். நாற்பதுகளில் இருப்பவர்கள். முதுகலைத் தமிழ் படித்த காலத்தில் கணினியைத் தட்டச்சு நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறோம். ஆய்வேட்டைக் கையால் எழுதிக் கொடுத்து, பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, ‘ழ’கரம் ‘ள’கரம் ஆனதைத் திருத்தித் திருத்திச் சலித்தவர்கள். ஆகவே கணினி என்பது எங்களுக்கு இன்றுவரை பயபக்தியோடு தொடவேண்டிய பொருள். அது கெட்டால் தொடாமலிருப்பதே நல்லது என்பது எங்கள் கொள்கை.

ஆனால் அன்று தொடாமலிருக்க முடியவில்லை. அந்தக் கணினிக்குள் ஒரு பாட்டி இருந்தார்.

காரிமங்கலத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, திருகையில் கேழ்வரகு அரைக்கும்போது பாடுவது, இழவு வீட்டில் பாடுவது என அவர் நினைவில் ஒரு நூலகமே இருந்தது. எங்கள் மாணவி ஒருவரின் உறவினர் என்பதால் அவரைக் கண்டடைந்தோம். 2017 முதல் 2019 வரை மூன்று கோடை விடுமுறைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தோம். பதிவுகளைக் கணினியில் ஏற்றி, கேட்டுக் கேட்டு எழுத்தாக்கி, நூலாக்கும் நோக்கத்துடன் குறிப்புகளும் சேர்த்து வந்தோம். கைப்பேசிகள் மாறின. பழைய நினைவக அட்டைகள் எங்கே போயினவோ தெரியாது. பாட்டி 2022இல் காலமானார். அவருடைய குரல் இவ்வுலகில் எஞ்சியிருந்த இடம் அந்தக் கணினி ஒன்றுதான்.

இந்த உண்மை எங்களுக்கு உறைத்தது திரை இருண்ட பிறகே. வெட்கத்தோடு இதை எழுதுகிறோம். ஏனெனில் நூல்கள் எப்படி அழிகின்றன என்பதை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறவர்கள் நாங்கள். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை என்று கரும்பலகையில் எழுதிப் போடுவோம். எஞ்சிய எட்டில், அரிசில்கிழார் பாடிய எட்டாம் பத்து, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பற்றியது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அந்தப் போரைப் பற்றித் ‘தகடூர் யாத்திரை’ என்று தனியாக ஒரு நூலும் இருந்தது. அது இன்று முழுமையாக இல்லை. ‘புறத்திரட்டு’ என்னும் தொகைநூலைத் தொகுத்தவர் அதிலிருந்து சில பாடல்களை எடுத்துச் சேர்த்துக்கொண்டதாலும், உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதாலும் சில பாடல்கள் மட்டும் பிழைத்தன. எங்கள் மண்ணின் போரைப் பற்றிய நூல், யாரோ ஒருவர் வேறொரு சுவடியில் படி எடுத்து வைத்த அளவுக்குத்தான் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஓலைச்சுவடிக்கு ஆயுள் உண்டு. பூச்சி அரிக்கும், ஓரம் உதிரும். அதனால்தான் பழைய ஏடு நைவதற்குள் புதிய ஏட்டில் படி எடுத்தார்கள். எடுக்காமல் விட்ட தலைமுறையோடு அந்த நூல் முடிந்துபோயிற்று. இதையெல்லாம் குரல் தழுதழுக்க நடத்திவிட்டு, மூன்று கோடைகளின் உழைப்பை ஒரே ஒரு வன்தட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

அன்று மாலையே கணினியைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் இரண்டு முறை பொத்தானை அழுத்திப் பார்த்தார்.

“ஓ.எஸ். போயிடுச்சுங்க. ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம். ஒரு மணி நேரத்துல வாங்கிக்கலாம்.”

எங்களுள் ஒருவர் சரி என்று தலையசைத்தும்விட்டார். இன்னொருவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். “ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பவை?” என்று கேட்டார்.

“அது போயிடுங்க. முக்கியமானது எதாச்சும் இருக்குதா?”

அவர்மேல் குற்றமில்லை, கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. கணினியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்துவிட்டோம். அன்றிரவு நால்வரும் சரியாக உறங்கவில்லை.

இத்தகைய இருட்டு எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2024ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையோடு நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச்சீட்டு தந்தார்கள். அவ்வளவு பெரிய முடக்கத்திலும் கணினிகளுக்குள் இருந்த கோப்புகள் அழிந்துவிடவில்லை. பிழையான அந்த ஒரு கோப்பை நீக்கியதும் கணினிகள் எழுந்துகொண்டன. விளக்கு அணைந்த அறையில் புத்தகங்கள் அலமாரியிலேயே இருப்பதைப் போன்றது இது. இருட்டில் பதறி அலமாரியைக் கவிழ்ப்பவர்தான் ஆபத்தானவர். இந்தத் தெளிவு எங்களுக்கு அப்போது இல்லை. எங்கள் பழைய மாணவி ஒருவர் வந்துதான் அதை ஏற்படுத்தினார்.

எங்கள் கல்லூரியிலேயே கணினி அறிவியல் படித்தவர். பகுதி ஒன்று தமிழ்த் தாளில் எங்களிடம் அறுபதைத் தாண்டியதில்லை. சனிக்கிழமை காலை, தோளில் ஒரு பையோடு வந்தார். பையில், தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் அவருக்கு இலவசமாகக் கிடைத்த பழைய மடிக்கணினி இருந்தது. மூலை உடைந்து ஒட்டுநாடா சுற்றியிருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் இன்னும் ஓடுகிறது என்றார்.

முதலில் அவர் கேட்டது, “கம்பெனி சின்னம் தெரிஞ்சுதா ஐயா?” என்றுதான். தெரிந்தது என்றோம். “அப்ப திரை நல்லாத்தான் இருக்கு” என்றார். சின்னம் தெரிய வேண்டுமானால் திரையும் அதன் பின்னொளியும் வேலை செய்தாக வேண்டும். ஒரே கேள்வியில் பாதி நோய்கள் விலகிவிட்டன.

பிறகு படிப்படியாகச் சென்றார். மின்னிணைப்பையும் சுட்டெலியையும் பிற இணைப்புகளையும் பிடுங்கி, மின்கலத்தையும் கழற்றிவிட்டு, ஆற்றல் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். மீண்டும் இணைத்துப் பார்த்தார், மாற்றமில்லை. சாளரச் சின்னம் பொறித்த விசையோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘பி’ ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினார். திரையை இயக்கும் மென்பொருளைத் தட்டி எழுப்பும் வழியாம் அது. சிறு ஒலி கேட்டது, இருட்டு கலையவில்லை. வகுப்பறைப் படவீழ்த்தியை இணைத்தார். சுவரிலும் கறுப்பே விழுந்தது.

அடுத்து, சின்னம் தோன்றும்போதே பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை வலிந்து அணைத்தார். இப்படி அடுத்தடுத்து மூன்று முறை. நாங்கள் பதறினோம். “மூணு தடவை சரியா எழும்பலைன்னா அதுவே ஏதோ கோளாறுன்னு புரிஞ்சுக்கும் ஐயா” என்றார். நான்காம் முறை, மீட்புக்கான திரை ஒளியோடு வந்து நின்றது. ஐந்து நாள்களுக்குப் பிறகு அந்தத் திரையில் எழுத்துகளைக் கண்டோம். எங்களுள் ஒருவர் கைதட்டியே விட்டார்.

ஆனால் அவர் அத்திரையில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கணினியை அணைத்தார். “சரி பண்றதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துக்கலாம் ஐயா. சரி பண்ணும்போதுதான் எதாச்சும் ஆகும்.”

பதிற்றுப்பத்தின் இழப்பை நாங்கள் அவருக்கு நடத்தியிருக்கிறோம். அதன் சாரத்தை அவர் இரண்டு வரியில் எங்களுக்கு நடத்தினார்.

விரல் அளவுள்ள ஒரு சேமிப்புத் துண்டில் லினக்ஸ் வைத்திருந்தார். வன்தட்டைத் தொடாமல், அந்தத் துண்டிலிருந்தே கணினியை எழுப்பினார். திரை பளிச்சென்று வந்தது. உறுப்புகளில் பழுதில்லை என்பதற்கு அதுவே சான்று. வன்தட்டைத் திறந்தபோது எங்கள் கோப்புறைகள் வைத்தபடியே இருந்தன. வன்தட்டுக்குக் குறியாக்கப் பூட்டு இடப்பட்டிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புக் குறியைக் கேட்டிருக்கும், அது இல்லையென்றால் கதவு திறக்காது என்றார். எங்கள் பழைய கணினிக்கு அந்தப் பூட்டு இல்லை. புதிய கணினி வைத்திருப்பவர்கள் இந்தக் குறியை இப்போதே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வெளி வன்தட்டுக்குப் படி எடுத்து முடிய மதியம் ஆயிற்று. நகல் சரியாக வந்ததா என்று தம்முடைய பழைய மடிக்கணினியில் அதைத் திறந்து காட்டினார். எங்களுக்கு அடுத்த அதிர்ச்சி. பாடல்கள் தட்டச்சிடப்பட்ட கோப்பில் ஓர் எழுத்தும் தமிழாக இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இறைந்து கிடந்தன. அச்சகத்தார் கேட்பார்கள் என்று நாங்கள் பழைய எழுத்துருவிலேயே தட்டச்சிட்டிருந்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் குப்பை. தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. நாங்கள்தான் ஏற்கவில்லை. நல்லவேளையாக எழுத்துருவின் கோப்பும் வன்தட்டில் இருந்தது. அதை நிறுவியதும் எழுத்துகள் தமிழாயின. திரை ஒளிர்ந்தும் படிக்க முடியாமல் போவது இன்னொரு வகை இருட்டு என்று அன்று கற்றோம்.

அதற்குப் பிறகுதான் நோயைத் தீர்த்தார். மீட்புத் திரை வழியாகப் பாதுகாப்பு முறையில் கணினியை எழுப்பினார். அம்முறையில் இன்றியமையாத மென்பொருள்கள் மட்டுமே இயங்கும். இயங்குதளத்துக்கும் திரைக்கும் இடையே இயக்கி மென்பொருள் ஒன்று துபாஷியைப் போல் நிற்கிறதாம். புதுப்பிப்பில் வந்த புதிய துபாஷிக்கு எங்கள் பழைய கணினியின் மொழி தெரியவில்லை. அதை நீக்கிவிட்டுப் பழையதை அமர்த்தினார். மறுமுறை எழுப்பியபோது, எங்கள் துறையின் ஆண்டுவிழாப் படம் பின்னணியில் விரிய, கணினி ஒன்றும் நடவாததுபோல் வந்து நின்றது.

பணம் வாங்க மறுத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். களியும் கீரைக்குழம்பும் இருந்தன. சாப்பிட்டபடியே, “அந்தப் பாட்டி பாடுறதைக் கொஞ்சம் கேக்கலாமா அம்மா?” என்று எங்களுள் ஒருவரைக் கேட்டார்.

திருகைப் பாட்டைப் போட்டோம். ஆறு ஆண்டுகளாகக் கோப்பின் பெயராக மட்டும் பார்த்துப் பழகியிருந்த அந்தக் குரல் அறைக்குள் வந்தது. பாட்டு முடிந்ததும் பதிவு உடனே நிற்கவில்லை. கோழியின் சத்தம், யாரோ இருமும் சத்தம். பிறகு பாட்டி, கைப்பேசியைக் காட்டித்தான் இருக்க வேண்டும், கேட்கிறார்: “அது புடிச்சுக்கிச்சா?”

“பிடித்துக்கொண்டது பாட்டி” என்று எங்களுள் ஒருவரின் குரல் அதில் பதில் சொல்கிறது. அன்று எவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கிறோம்!

இப்போது பாட்டியின் பாடல்களுக்கு மூன்று படிகள் உள்ளன. ஒன்று துறையில், ஒன்று எங்களுள் ஒருவர் வீட்டு வெளி வன்தட்டில், மூன்றாவது, அவருடைய பேத்தியிடம். எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றும் வேலை நடக்கிறது. சந்தை நாளில் மாலை வகுப்பு இல்லாதவர் அன்று பத்துப் பக்கம் மாற்ற வேண்டும் என்று முறை வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒரே ஒரு கணினியிலோ கைப்பேசியிலோ மட்டும் ஒருவருடைய குரல் இருக்குமானால், திரை ஒளிரும்போதே ஒரு படி எடுத்துவிடுங்கள்.