சயாமுக்குப் போன எங்க ஊர் ஆட்களுக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணியும்



செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை அன்று எங்கள் ஆலயத்தில் நடந்த கூட்டுத் தர்ப்பணத்துக்கு வந்த எல்லாருக்கும் முதலில் நன்றி. செடெனாக்கில் இருந்து மட்டும் இல்லாமல் குலாய், லாயாங் லாயாங், ரெங்கம் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தீர்கள். "இது என்ன புதுசா இருக்கே, எப்படி ஆரம்பிச்சீங்க?" என்று பல பேர் கேட்டீர்கள். அன்று பரிமாறுகிற அவசரத்தில் யாருக்கும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இது ஆரம்பித்தது எங்கள் தப்பில் இருந்துதான். மறைக்க விரும்பவில்லை.

இந்த ஆண்டு ஆடித் திருவிழா அன்னதானத்துக்கு உபயகாரர்கள் தாராளமாகக் கொடுத்திருந்தார்கள். நாங்களும் கூட்டம் வரும் என்று அளவு பார்க்காமல் அரிசியைப் போட்டுவிட்டோம். மத்தியானம் கொட்டிய மழையில் பாதி ஆள் வரவில்லை. மாலையில் பார்த்தால் பெரிய தோம்பு ஒன்று நிறையச் சோறு மீந்து, லேசாக நொந்தும் போயிருந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பின்பக்கம் கொட்டப் போனோம். அங்கே கல்லில் உட்கார்ந்திருந்த பாட்டி (ஆலயத்துக்கு வருகிறவர்களில் ஆக வயதானவர், 92 முடிந்துவிட்டது) எங்களைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தோம். திட்டவில்லை. தோம்புக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். "இது நல்லாத்தான்யா இருக்கு. நாங்க தின்னதை நீங்க மோந்துகூடப் பாக்க மாட்டீங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்று ராத்திரி எங்களில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காய்கறி வெட்டும்போது பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டோம். ஒருத்தர் கைப்பேசியில் இஸ்ரேல், காசா செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பிள்ளைகள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கஞ்சிக்கு முண்டியடிக்கிற படம். பாட்டி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நிப்பாட்டுய்யா. அதுல நான் நிக்கிறேன்" என்றார். பிறகு ஒன்றொன்றாகச் சொன்னார். நான்கு வெள்ளிக்கிழமை சொன்னார்.

நம்மில் நிறைய பேருக்கு ஜப்பான்காரன் காலம் என்றால் பள்ளிக்கூடப் பாடம்தான். 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கினான், 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது என்று பரீட்சைக்கு எழுதியிருப்போம். அந்த எழுபது நாள் சண்டை நம்ம ஊர் வழியாகத்தான் போனது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இதோ வடக்கே லாயாங் லாயாங் பக்கம், ரயில் பாதையில், 1942 ஜனவரி 28-இல் இந்தியப் படைப்பிரிவின் தளபதி மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ கொல்லப்பட்டார். ரயில் பாலத்தை முன்கூட்டியே தகர்த்துவிட்டதால் ஓர் இந்திய பிரிகேடே வழி தெரியாமல் காட்டுக்குள் அலைந்து கடைசியில் சரணடைந்தது. மூன்று நாள் கழித்து, ஜனவரி 31-இல், ஜொகூர் பாலத்தை உடைத்துவிட்டு வெள்ளைக்காரன் சிங்கப்பூருக்குள் போய்விட்டான்.

பாட்டிக்கு இந்தத் தேதி எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, துரை பங்களா ஒரே ராத்திரியில் காலியானது. மறுநாள் பிரட்டு மணி அடிக்கவில்லை. "மணி அடிக்கலைன்னதும் பெரியவங்க எல்லாம் லயத்து வாசல்ல நின்னுக்கிட்டு என்ன செய்யிறதுன்னு தெரியாம முழிச்சாங்க. அது ஒன்னுதான் எனக்கு ஞாபகம்" என்றார்.

பால்மரம் வெட்டினாலும் வாங்க ஆள் இல்லை. அன்றைய மலாயாவுக்கு அரிசி பர்மாவில் இருந்தும் சயாமில் இருந்தும்தான் அதிகம் வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் தோட்டத்தில் மரவள்ளிதான் சோறு. மரவள்ளி மாவில் ரொட்டி, மரவள்ளிக் கஞ்சி, மரவள்ளி இலைக் குழம்பு. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு கட்டுக் கட்டாக இருந்தாலும் ஒரு சிரட்டை உப்பு வாங்க முடியாது. துணி இல்லை, கோணிச்சாக்கை வெட்டிக் கட்டிக்கொண்டார்கள். கொய்னா மாத்திரை இல்லை, காய்ச்சல் வந்தால் வேப்பிலையும் மாரியம்மனும்தான். ஆலயத்தில் விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் பூசை முடிகிற வரைக்கும்தான் திரி எரியுமாம்.

அந்தக் காலத்தில் நம்ம ஆலயத் தொண்டு எப்படி இருந்தது தெரியுமா? ஆம்பளைகள் குறையக் குறைய, லயத்துக்கு ஓர் அடுப்பு என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீடும் கிடைத்த கிழங்கைக் கொண்டுவந்து ஒரே அண்டாவில் போடும். பெண்கள் முறை வைத்துக் காய்ச்சுவார்கள். முதல் அகப்பை கைப்பிள்ளைக்காரிக்கு, அடுத்தது காய்ச்சல்காரருக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு. காய்ச்சினவள் கடைசி. "எங்கம்மா முறை வர்ற அன்னிக்கு அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்ல" என்றார் பாட்டி. தொண்டர் அட்டை கிடையாது, டி-சட்டை கிடையாது, குழுப்படம் கிடையாது. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

1943-இல் பாட்டியின் அப்பா போனார்.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு போடுவோம் என்று சொன்னார்களாம். யாரும் விரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு லயத்தில் இருந்தும் இத்தனை பேர் என்று பெயர் எழுதிக் கேட்டார்கள். ஒரு விடியற்காலையில் லாரி வந்தது. அப்பா தலைத்துண்டை எடுத்து மகளின் தோளில் போட்டுவிட்டு ஏறினார். அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை.

சயாம் மரண ரயில் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம். தாய்லாந்தின் பான் போங்கில் இருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரண்டு பக்கத் தண்டவாளமும் சேர்ந்தது. மலை, காடு, அடைமழை, காலரா. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல் வேலை செய்து, 12,000-க்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவில் இருந்திருப்பார்கள், அதில் செத்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்று கணக்குச் சொல்கிறார்கள். மலாயாவில் இருந்து போனவர்களில் பெரும்பான்மை நம்ம தோட்டத் தமிழர்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறை, புல் வெட்டி, பெயர் செதுக்கி வரிசையாக இருக்கிறது. நம்ம ஆளுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 1957-இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தை உலகமே பார்த்தது. அதைப் படம் பிடித்தது இலங்கையில் கித்துல்கலவில். அதிலும் நம்ம கதை இல்லை. நம்ம கதையை நம்ம ஆட்கள்தான் எழுதினார்கள். ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச்சின்னம்" இரண்டும் நாவல்கள். கிடைத்தால் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். இப்போது காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலயத்தில் தமிழர்களுக்கு நடுகல் வைத்திருக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல்.

நான்காவது வெள்ளிக்கிழமை பாட்டி கேட்டார்: "எங்கப்பாவுக்கு இதுவரைக்கும் யாரும் திதி கொடுக்கல. என்னிக்குச் செத்தாருன்னு தெரிஞ்சாத்தானே கொடுக்கிறது? எங்கம்மா சாகுற வரைக்கும் பூவும் பொட்டும் எடுக்கல. திரும்பி வந்தாருன்னா என்ன சொல்றதுன்னு கேப்பாங்க."

நாங்கள் ஆலயக் கூட்டத்தில் இதை வைத்தோம். எல்லாரும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அம்மன் சந்நிதியில் பித்ரு காரியம் கூடாது என்றார் ஒருவர். தெரியாத ஆளுக்கு எந்தக் கோத்திரம் சொல்வது என்றார் இன்னொருவர். பழசைக் கிளறினால் வீட்டுக்கு வீடு மனத்தாங்கல் வரும் என்றார் மூன்றாமவர். குருக்களிடம் கேட்டோம். "நாள் தெரியாம போனவங்களுக்குத்தான் மகாளய அமாவாசையே இருக்கு. சொந்தம் இல்லாதவங்களுக்கும் கொடுக்கலாம், அதுக்குக் காருண்ய தர்ப்பணம்னு பேரு. கோத்திரம் தெரியலைன்னா காசியப கோத்திரம் சொல்லுங்கோ. சந்நிதியில வேண்டாம், வெளியே பந்தல்ல வச்சுக்கலாம்" என்றார். கூட்டம் முடிந்தது.

ஆனால் மூன்றாமவர் சொன்னதும் பொய் இல்லை.

பெயர் சேகரிக்க வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் பெரியம்மா கதவைப் பாதி திறந்து, "பேரை எழுதிக்கிட்டுப் போனவங்க வீட்டு ஆளு உங்க கூட இருக்காரே, அவரைக் கேளுங்க" என்று சொல்லி மூடிவிட்டார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அன்று லயத்தில் பெயர் எழுதிய கிராணியின் பேரன் எங்கள் சமையல் குழுவில் மூத்தவர், இருபது வருடமாக அண்டா தூக்குகிற அண்ணன். அவருக்கு இது சின்ன வயதில் இருந்தே தெரியுமாம். எங்களிடம் சொன்னதில்லை. அன்று இரவு குழுவில் ஒரு வரி போட்டார்: "நான் இந்தத் தடவை வரல. சமையலுக்கு வேற ஆள் பாத்துக்குங்க."

என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டியிடம் போனோம். சொல்லலாமா வேண்டாமா என்று வாசலிலேயே அரை மணி நேரம் யோசித்தோம். பாட்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "அவரு எழுதலைன்னா வேற ஒருத்தன் எழுதியிருப்பான். எழுத மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. பயம். அதை நான் மறக்கல" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அப்பா போனப்புறம் வாராவாரம் எங்க வாசல்ல ராத்திரியில ஒரு கூடை கிழங்கு இருக்கும். ஆம்பள இல்லாத எல்லா வீட்டு வாசல்லயும் இருக்கும். யாரு வச்சதுன்னு அம்மாவுக்குத் தெரியும். வாயைத் திறந்து சொன்னதில்ல. அந்தக் கிழங்கைத் தின்னுதான் நான் உசுரோட இருக்கேன். அந்தப் பையனை வரச் சொல்லுங்க."

அந்தப் பையனுக்கு அறுபது வயது. வந்தார்.

அன்று காலை மழை. பந்தலில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தேடித் தேடி எங்களுக்குக் கிடைத்தது 31 பெயர். சிலது முழுப் பெயர் இல்லை, "கருப்பன் மாமா", "மூனாவது லயத்துச் சின்னையா" என்றுதான் வீட்டில் ஞாபகம் வைத்திருந்தார்கள். அப்படியே வாசித்தோம். ஒவ்வொரு பெயருக்கும் எள்ளும் தண்ணீரும். பெயர் இல்லாதவர்களுக்குக் கடைசியில் எல்லாரும் சேர்ந்து விட்டோம். பாட்டி அப்பா பெயர் வந்தபோது அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துத் தண்ணீர் விட வைத்தார். கதவை மூடிய பெரியம்மாவும் வந்திருந்தார். அண்ணனோடு பேசவில்லை. ஆனால் அவர் பரிமாறிய இலையில் சாப்பிட்டார். அதற்கு மேல் எதிர்பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை.

அன்று சாப்பாடு மரவள்ளிக் கஞ்சியும் கீரையும். அளந்துதான் போட்டோம், ஒன்றும் மீறவில்லை. இப்போது ஒவ்வொரு அன்னதானத்துக்கும் முதல் நாளே தலைக்கணக்கு எடுக்கிறோம். இரண்டு தவணையாக உலை வைக்கிறோம். மீந்தால் கெடுவதற்கு முன்னாலேயே கட்டி, பக்கத்தில் கட்டுமான வேலை செய்கிற வெளிநாட்டுத் தம்பிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். செடெனாக் என்றால் இன்று தரவு மையம் என்கிறார்கள். அதைக் கட்டுகிற தம்பிகளும் நம்ம தாத்தாக்கள் மாதிரி வீட்டை விட்டு வந்தவர்கள்தான்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறோம். இஸ்ரேல் போரில் யார் சரி, யார் தப்பு என்று பேச இந்தப் பதிவு இல்லை. ஆனால் 2023 அக்டோபர் 7-இல் அங்கே கொல்லப்பட்டவர்களிலும் பிடித்துக்கொண்டு போனவர்களிலும் தோட்ட வேலைக்குப் போன தாய்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். 2024 மார்ச்சில் வடக்கே பழத்தோட்டத்தில் வேலை செய்த கேரளத்துக்காரர் ஒருவர் ஏவுகணை விழுந்து செத்தார். சண்டை யாருடையதோ, தோட்டத்தில் நிற்கிறவன் சாகிறான். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். செய்தியில் அவர்கள் வெறும் எண்ணிக்கை. வீட்டில் அவர்களுக்கும் பெயர் இருக்கும், பூவும் பொட்டும் எடுக்காமல் காத்திருக்கிறவர் இருப்பார்.

அடுத்த ஆண்டும் மகாளய அமாவாசைக்குச் செய்வதாக அம்மனிடம் சொல்லிவிட்டோம். உங்கள் வீட்டில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால் பெயரும் தோட்டத்தின் பெயரும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். முழுப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, வீட்டில் கூப்பிட்ட பெயர் போதும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் பெயர் கேட்டுப் போன வீடுகளில் மூன்று வீட்டில் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "தாத்தாவுக்குத்தான் தெரியும், அவரு போன வருஷம் தவறிட்டாரு."

அம்மன் துணை.