கிள்ளைக்கு ஒரு திருத்தம்

சிதம்பரம் ஸ்டேஷனில் வடக்கே போகும் பாசஞ்சரில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், பாதி தின்பதற்குள் கிள்ளை வந்துவிடும். மீதியை இறங்கி நின்றுதான் தின்ன வேண்டும். நான் அண்ணாமலைநகரில் பி.காம். சேர்ந்த 2005-ல் இது மீட்டர் கேஜ். இப்போது அகலப்பாதை. ரயில் பெருத்துவிட்டது. நானும்தான்.

கிள்ளைக்கு வருகிறவர்கள் பொதுவாக பிச்சாவரம் படகுக்காக வருவார்கள். போன மாதம் நான் வந்தது ஒரு ஜெராக்ஸ் தாளுக்காக.

காலேஜ் நாளில் நாங்கள் 7 பேர் சேர்ந்து ஒரு பேப்பர் நடத்தினோம். 'நடத்தினோம்' என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. கையால் எழுதிய 2 பக்கம், 40 ஜெராக்ஸ் காப்பி. கையெழுத்து அழகாக இருந்தவன் ஆசிரியர். சைக்கிள் வைத்திருந்தவன் சர்க்குலேஷன் மேனேஜர். நான் காமர்ஸ் என்பதால் வரவு செலவு. வரவுப் பக்கம் எப்போதும் படு சுத்தமாக இருக்கும். பெயர் வைப்பதில் மூன்று நாள் சண்டை போட்டு, முடிவுக்கு வராமல், பெயரில்லாமலே முதல் இதழ் வந்தது.

ஆசிரியருக்கு மட்டும் கனவு பெரிசு. "ஹார்வர்டுல பசங்களே நடத்துற 'கிரிம்சன்' 1873-லேர்ந்து வருதுடா. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதுல தலைமை ஆசிரியரா இருந்தவரு. மெட்ராஸ் ஐ.ஐ.டி. ஆரம்பிச்ச அடுத்த வருஷமே, 1960-ல, 'கேம்பஸ்டைம்ஸ்' வந்தாச்சு. அவ்வளவு தூரம் எதுக்கு? திருவாரூர்ல பள்ளிக்கூடத்துப் பையனா இருந்தப்போ கலைஞர் 'மாணவ நேசன்'னு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினாரு. அப்புறம்தான் 1942-ல 'முரசொலி'..." என்று மூச்சு விடாமல் அடுக்குவான். அப்படியானால் நம்மில் யார் முதலமைச்சர் என்று கேட்டோம். அவனே அந்தப் பதவியையும் எடுத்துக்கொண்டான். இப்போது இன்ஷூரன்ஸில் இருக்கிறான்.

2006 டிசம்பர். சுனாமி வந்து இரண்டு வருஷம். சிறப்பிதழ் போட முடிவு செய்தோம். எங்கள் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கடலோரக் குப்பங்களை ஆராய்ந்து, 2005-ல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். அலையாத்திக் காடு இருந்த இடங்களில் சேதம் குறைவு என்பது அதன் சாரம். எங்கள் யுனிவர்சிட்டி, எங்கள் காடு! பெருமை பிடிபடவில்லை. தலைப்பு நான்தான் போட்டேன்.

'கிள்ளையைக் காப்பாற்றியது காடு! ஒருவர்கூடச் சாகவில்லை!'

'சேதம் குறைவு' என்பதை 'ஒருவர்கூட' ஆக்கியது ஆராய்ச்சியாளர்கள் அல்ல. மெஸ்ஸில் உட்கார்ந்து எழுதிய அடியேன்தான். கிள்ளை ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி இருந்தது. எங்களில் யாரும் ரயில் ஏறவில்லை.

எங்கள் ஏழு பேரில் ஒருவன் கிள்ளைக்காரன். ஊர் டீக்கடைச் சுவரில் ஒரு காப்பியை ஒட்டிவிட்டு வந்தான். அடுத்த வாரம் சொன்னான்: "இத எழுதினது யாருன்னு ஒருத்தர் கேக்குறாருடா."

பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஐம்பது வயது இருக்கும், மீனவர். சுவரிலிருந்து கிழியாமல் பிரித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"எழுதினது நீங்களா தம்பி?"

"ஆமாங்கய்யா."

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒருத்தர்கூட சாகலைன்னு போட்டிருக்கீங்க. என் சம்சாரம் திட்டுல இருந்துச்சு. அது எந்தக் கணக்குல வருது?"

கணக்குப் படிக்கிறவன் நான். பதில் தெரியவில்லை.

அவர் கோபப்படவில்லை. எனக்கும் சேர்த்து டீ சொன்னார். பெஞ்சில் விரலால் தண்ணீர் தொட்டுக் கோடு போட்டுக் காட்டினார். இது கடல். இது மணல் திட்டு. இது காடு. "காடு எங்களுக்குப் பின்னால இருந்துச்சு தம்பி. அலை முன்னாலேர்ந்துல்ல வந்துச்சு? காட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவங்க பொழைச்சாங்க, அது நெசம். அதையும் எழுதுங்க. இதையும் எழுதுங்க."

அந்த ஆராய்ச்சி பற்றியே 2006-ல் ஒரு விவாதம் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதே புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்த வேறு ஆராய்ச்சியாளர்கள், கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்ற இரண்டும்தான் உயிர்ச்சேதத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தன என்று எழுதினார்கள். கிள்ளை டீக்கடை பெஞ்சில் ஒரு விரலும் நாலு சொட்டுத் தண்ணீரும் எனக்குச் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

திருத்தம் போட வேண்டும் என்றேன். ஆசிரியர் முகம் சுளித்தான். "நாப்பது காப்பிடா. யாருக்கு ஞாபகம் இருக்கும்?" ஒருத்தருக்கு இருக்கிறது என்றேன். முதல் பக்கத்தில், பழைய தலைப்பு இருந்த அதே அளவு எழுத்தில் 'திருத்தம்' என்று போட்டோம். திட்டில் இறந்தவர்கள் உண்டு என்றும், அந்த அம்மாளின் பெயரையும் எழுதினோம். அந்த இதழ் மட்டும் 41 காப்பி. நாற்பத்தோராவதை ரயிலேறிப் போய்க் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். "பேரு பேப்பர்ல வந்தது இதான் மொத தடவ" என்றார். மடித்து அதே பையில் வைத்துக்கொண்டார்.

2008-ல் படிப்பும் முடிந்தது, பேப்பரும் முடிந்தது. ஜெராக்ஸ் கடை பாக்கி 62 ரூபாய் இன்னும் என் பேரில் நிற்கிறது.

இந்தத் தடவை முதலில் படகில் போனேன். சுமார் 1100 ஹெக்டேர் காடு. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் காலை ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் பட்டால் கண் எரியும். படகுக்காரர் 'இதயக்கனி' எடுத்த கதையை ஆரம்பித்தார். 1975 படம். அவர் அப்போது பிறந்திருக்க மாட்டார். ஆனாலும் எம்.ஜி.ஆர். பக்கத்தில் நின்றவர் மாதிரியே சொன்னார். காட்டைத் தாண்டியதும் மணல் திட்டு, அதற்கப்பால் கடல். பெஞ்சில் போட்ட கோடு அப்படியே இருந்தது. இதைப் பார்க்க எனக்கு இத்தனை வருஷம்.

டீக்கடையில் விசாரித்தேன். "அவரா? மக வீட்டுல இருக்காரு. கண்ணுதான் சரியா தெரியல" என்றார்கள். போனேன். குரலை வைத்து அடையாளம் தெரியவில்லை. ஜெராக்ஸ் பேப்பர் என்றதும் தெரிந்துவிட்டது. அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தேன். கேட்க வாய் வரவில்லை.

"இன்னும் எழுதுறீங்களா தம்பி?"

"எழுதுறேங்கய்யா."

"போய்ப் பாத்துட்டு எழுதுறீங்களா?"

"பாத்துட்டுத்தான்யா."

"அப்ப சரி" என்றவர், உள்ளே திரும்பி மகளிடம் டீ போடச் சொன்னார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இந்தக் கட்டுரை நேரில் போய்ப் பார்த்து எழுதியது. ரயில் டிக்கெட் போக 10 ரூபாய், வர 10 ரூபாய். வரவுப் பக்கம் வழக்கம்போல் காலியாக இருக்கிறது.