பலகை பிடிக்க ஆளில்லை

நிழற்படக் கலையைப் பற்றிப் பேசுவோர் காமிராவைப் பற்றியே மிகுதியும் பேசுவர். ஒளியைத் திருப்பித் தரும் வெறும் வெள்ளைப் பலகையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. தொழிலில் அதற்கு ரிஃப்ளெக்டர் என்று பெயர். ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் விழ, மறுபாதி இருண்டு கிடக்கும். எதிர்ப்புறத்தில் அப்பலகையைச் சாய்த்துப் பிடித்தால், அதே வெளிச்சம் திரும்பி வந்து நிழலை இளக்கிவிடும். விளக்கு வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கை மட்டும் வேண்டும். அந்தக் கைதான் எனக்கு வாய்ப்பதில்லை.

நான் படமெடுப்பது பெரும்பாலும் நம் வீடுகளின் பெண்கள் பகுதியில். ஹஜ்ஜுக்குப் புறப்படும் மூதாட்டியர் பலர் ஸ்டுடியோவின் படியேற மனங்கொள்வதில்லை. பெண் என்பதால் என்னை உள்ளே அழைப்பவர்கள், பலகை பிடிக்க வரும் வாலிபனை அழைக்கமாட்டார்கள். அழையுங்கள் என்று நான் கேட்பதுமில்லை. முகம் அவர்களுடையது, அதை யார் முன் காட்டுவது என்பதும் அவர்கள் உரிமையே. இதைப் பழங்காலத்து நாணம் என்று சிரித்துத் தள்ளும் தொழில்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கடவுச்சீட்டுப் படத்தில் சமயக் காரணத்தால் தலையை மூடிக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் மோவாய் முதல் நெற்றி வரை முகம் தெளிவாகத் தெரியவேண்டும், நிழல் விழலாகாது. முக்காட்டின் ஓரமோ நெற்றியிலும் கன்னத்திலும் நிழலிட்டே தீரும். “முக்காட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள்” என்பது ஸ்டுடியோக்காரர்களின் எளிய தீர்வு. எழுபது வயதுப் பெண்மணியிடம் அப்படிச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. தள்ளவேண்டியது நிழலை; முக்காட்டை அன்று.

ஆகவே பலகையை ஆளிடம் கொண்டுசெல்வதை விட்டு, ஆளைப் பலகையிடம் கொண்டுவருகிறேன். நாற்காலியின் முதுகில் தெர்மோகோல் பலகையைச் சாய்த்துத் துணிக் கிளிப்பால் கவ்வவைத்துவிட்டு, அமர்ந்திருப்பவரின் இருக்கையைத்தான் சிறிது சிறிதாக நகர்த்துவது. நிழல் இளகும் இடம் கண்ணுக்கே தெரியும். பலகை படத்தின் விளிம்புக்குச் சற்று வெளியே நிற்குமளவுக்கு அருகில் இருப்பது நலம். தள்ளிப்போகப் போக அதன் பயன் விரைவாகக் குன்றும்.

வெள்ளியின் பளபளப்புடைய பலகைகளும் கடையில் கிடைக்கின்றன. தனியாளுக்கு அவை உதவா. வெள்ளிப்பரப்பு ஏறக்குறையக் கண்ணாடியைப் போன்றது. விழும் கதிரும் திரும்பும் கதிரும் ஒரே தளத்தில் அமையும் என்று, பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் பதினோராம் நூற்றாண்டிலேயே விளக்கினார். அந்த ஒழுங்குதான் இங்கே தொல்லை. பலகை சற்றே திரும்பினாலும் ஒளி முகத்தை விட்டுச் சுவருக்குப் போய்விடும். வெண்மை அப்படியன்று. எல்லாத் திசையிலும் சிதறித் தருவதால், சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும்.

கடவுச்சீட்டுப் படமானால் இன்னும் எளிது. ஜன்னலை நேர்நோக்கி அமரவைத்து, பலகையை அவர் மடியிலேயே கொடுத்துவிடுவேன். கண்குழியிலும் மோவாயின் கீழும் தங்கும் இருள் கரைந்துவிடும். படத்துக்கு உரியவரே பலகை பிடிப்பவருமாகிவிடுகிறார்!

தொல்லைகள் இல்லாமலில்லை. மின்விசிறி சுழன்றால் பலகை சாயும். நிறுத்தினால் முகம் வியர்க்கும். நாற்காலிக் காலில் அரிசிப் பையை வைத்துச் சமாளிப்பதுண்டு. நம் வீடுகளின் பச்சைச் சுவரோ முகத்தில் பச்சையைப் பூசிவிடும். அதன்மேல் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிடவேண்டும். இது ஏழைமையின் உத்தி என்று எவரும் எண்ணவேண்டாம். 1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்காக ஸ்டுடியோவில் அமைத்த காசி வீட்டு முற்றத்தில், ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதில் பாய்ச்சித் திருப்பினார். வானத்து வெளிச்சம் போலவே அது அமைந்தது.

சென்ற ஆண்டு ஒரு மூதாட்டியார், மடியில் பலகையைப் பிடித்தபடியே, “மகளே, நான் எப்படி இருக்கிறேன்? காட்டு” என்றார். காமிராவின் பின்புறத் திரையைக் காட்டினேன். முக்காடு நெற்றியை விட்டு நகரவில்லை. நிழல் மட்டும் போயிருந்தது. நெடுநேரம் பார்த்தவர், “என் உம்மாவேதான்” என்றார். அவருடைய உம்மாவின் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை.