கூண்டுக்குள் மணி

போன சித்திரையில் என் மகன் ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். இரண்டு மாதக் குட்டி. வெள்ளை வெளேரென்ற உடம்பு, ரோஜா நிற மூக்கு. மணி என்று பெயர் வைத்தோம். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. காரணம் என் மாமியார். 2023-ல் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறவர். மறுநாளே குட்டி அந்த வாக்கருக்குள் புகுந்து ஓடியது. பக்கத்தில் இருந்ததால் தாங்கிப் பிடித்தேன். இல்லாவிட்டால்?

கால்நடை டாக்டர்தான் கம்பிக் கூண்டு வாங்கச் சொன்னார். அதைப் பார்த்ததும் மாமியார், "ஏம்மா, பச்சைப் பிள்ளையை ஜெயில்ல போடப் போறியா?" என்றார். எனக்கும் சுருக்கென்றது.

முதல் நாள் நான் செய்தது முழுத் தப்பு. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அது போட்ட ஓலத்தில் அடுத்த வீட்டில் விளக்கு எரிந்தது. பொறுக்காமல் திறந்துவிட்டேன். அழுதால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொண்டது!

பிறகு டாக்டர் சொன்னபடி கதவைத் திறந்தே வைத்து, பழைய புடவையை மடித்துப் போட்டு, சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்தேன். தானாகவே போக ஆரம்பித்தது. சாப்பிடும்போது மட்டும் கதவைச் சாத்தினேன். அப்புறம் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று கூட்டினேன். வளருகிற நாயாச்சே என்று பெரிய கூண்டாக வாங்கியிருந்தோமா, ஒரு மூலையில் அசிங்கம் செய்துவிட்டு மறு மூலையில் நிம்மதியாகத் தூங்கியது! நடுவில் பலகை வைத்து, நின்று திரும்பிப் படுக்கிற அளவுக்குச் சுருக்கினேன். படுக்கிற இடத்தை நாய் லேசில் அழுக்காக்காது. ஆனால் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த வயசில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அதால் அடக்க முடியாது. ஆகவே நடுராத்திரியில் அலாரம். (என் வீட்டுக்காரர் ஒரு நாள்கூட எழுந்திருக்கவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.) வெயில் காலமாதலால் கூண்டைக் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் வைத்தோம். எத்தனை கோபம் வந்தாலும் தண்டனையாக மட்டும் அதை உள்ளே போட்டதில்லை.

ஒரு மாதம் ஆயிற்று. மாமியார் எழுந்து வாக்கரைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மணி ஓடிப்போய்க் கூண்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அவர் போகிற வழியில் ஒரு துண்டு பிஸ்கட் உள்ளே விழும்.

நேற்று மத்தியானம் கூடத்தில் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். "மெதுவா! அவன் தூங்கறான்ல?" என்று மாமியார் என்னை அதட்டினார்.