பேட் ஹேர் டே எங்கே பிறந்தது?

அமெரிக்கர்களின் அன்றாடப் பேச்சில் 'பேட் ஹேர் டே' என்றொரு வழக்கு உண்டு. எவ்வளவு வாரினாலும் படியாமல் தலைமுடி முரண்டு பிடிக்கும் நாள் என்பதுதான் நேர்ப்பொருள். பிறகு அது முடியை விட்டு நகர்ந்துவிட்டது. காபி சட்டையில் கொட்டும். கார் சாவி காணாமல் போகும். ஆபீஸ் பிரின்டரில் காகிதம் சிக்கிக்கொள்ளும். பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, ஆனாலும் தொட்டதெல்லாம் கோணலாகப் போகும். அப்படிப்பட்ட நாளுக்கெல்லாம் இன்று அதுதான் பெயர். மொட்டைத் தலைக்காரர்கூடத் தாராளமாகச் சொல்லலாம்.

பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இந்த வழக்கைப் பாடத்தில் எடுத்தாலே, "மேடம், இது எந்தப் படத்துல வந்துச்சு?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் பதில் 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்'. 1997-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரைச் சொல்லவில்லை. அதற்கு முன் 1992 ஜூலை இறுதியில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த படம். படத்தை எழுதியவரும் தொடரை உருவாக்கியவரும் ஜாஸ் வீடன். படத்தில் பஃபியாக நடித்தவர் கிறிஸ்டி ஸ்வான்சன்.

அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எதிரே நிற்பது பால் ரூபன்ஸ் நடித்த அமிலின் என்னும் ரத்தக்காட்டேரி. நீண்டு கலைந்த முடி, குறுந்தாடி, ஒரு கை ஏற்கெனவே போய்விட்டது. பஃபி பயப்படவில்லை. தனக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் இன்று பேட் ஹேர் டே போலிருக்கிறது என்கிற பொருளில் ஒரு வரி சொல்கிறாள். கை போனவனைப் பார்த்து முடியைப் பற்றிப் பேசுகிறாள். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது.

என் சந்தேகமும் அங்கேதான் தொடங்கியது. ஸ்கூல் காரிடாரில் தோழிகள் பேசிக்கொள்ளும் ஒரு சாதாரணச் சொல்லைக் காட்டேரியிடம் போய்ச் சொல்வதால்தான் அந்த வசனம் எடுபடுகிறது. தியேட்டரில் இருப்பவருக்கு அந்தச் சொல் புதிது என்றால் வசனம் விழுந்திருக்கும். ஆக, எழுதியவரும் பார்த்தவர்களும் முன்பே அறிந்த சொல்லாகத்தான் அது இருந்திருக்க வேண்டும்.

சொற்களின் பிறப்பைத் தேடுகிறவர்களுக்கு ஒரே விதிதான்: தேதி போட்ட தாள் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் நூறாண்டுக்கு மேலாக அப்படித்தான் வேலை செய்கிறார்கள். யாரோ சொன்னதாக யாரோ சொன்னதற்கு அங்கே மதிப்பில்லை. பழைய அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து திரட்டப்பட்ட சான்றுகளில் நானும் பின்னோக்கி நடந்தேன். படத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே ஒன்று அகப்பட்டது. 1991 ஜனவரி, சியாட்டில் டைம்ஸ். நகைச்சுவை நடிகர் கேரி ஷாண்ட்லிங்கின் மேடை நிகழ்ச்சி பற்றிய செய்தி. எல்லோருக்கும் வரும் சங்கடங்களில் ஒன்றாக, தனக்கு இன்று பேட் ஹேர் டே என்று சொல்லித்தான் அவர் ஆரம்பித்திருக்கிறார். தன் முடியைப் பற்றி ஓயாமல் கவலைப்படுவது ஷாண்ட்லிங்கின் மேடை முத்திரை. அவர் வாயில் இந்தச் சொல் வந்ததில் வியப்பில்லை. ஆண் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பெண்களின் அலங்காரப் பேச்சு என்று இதை ஒதுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது.

இன்னும் பின்னே போனால் 1988 ஜூலை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள சான்டா ரோசா நகரின் உள்ளூர் நாளேடு, பிரஸ் டெமாக்ரட். பத்தி எழுதியவர் சூசன் ஸ்வார்ட்ஸ். கடலிலிருந்து எழுந்து வந்து, ஈர முடியை அலட்சியமாகப் பின்னி, கடற்பாசியைச் சுற்றி அழகாக்கிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் பேட் ஹேர் டே அடுத்த திருப்பத்தில் காத்திருக்கிறது, தப்ப முடியுமென்று நினைத்தால் அது வெறும் கற்பனை என்கிறார். அந்த வாக்கியத்தைப் பலமுறை படித்தேன். சொல்லுக்கு மேற்கோள் குறி இல்லை, விளக்கம் இல்லை. வாசகிக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடு எழுதப்பட்ட வாக்கியம். ஹாலிவுட் இதைத் தொடுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கலிபோர்னியப் பெண்களின் சமையலறையிலும் சலூனிலும் இது புழங்கியிருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ஏன் முடி? இதற்கும் பதில் தேடினேன். அது கிடைத்தது அகராதியில் அல்ல, இயற்பியலில். ஜெனீவாவைச் சேர்ந்த ஓராஸ் பெனெடிக்ட் த சொஸ்யூர், காற்றின் ஈரப்பதத்தை அளக்க மனித முடியையே கருவியாக்கியவர். 1783-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். எண்ணெய்ப் பசை போக முடியைச் சோடா உப்பு நீரில் கொதிக்கவைத்து எடுப்பார். ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை முள்ளோடு இணைப்பார். காற்று ஈரமானால் முடி நீளும், உலர்ந்தால் சுருங்கும், முள் நகரும். முழு உலர்விலிருந்து முழு ஈரத்துக்குப் போகும்போது முடி ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரை பங்கு நீள்கிறது. முடி ஈரமானிகள் இருபதாம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களில் வேலை செய்தன. முடியின் கெராட்டினில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளை ஈரம் குலைத்துவிடுகிறது. காலையில் அயர்ன் போட்டு நேராக்கிய முடி வாசலைத் தாண்டியதும் சுருண்டுகொள்வதற்குக் காரணம் அதுதான். வடக்குக் கலிபோர்னியக் கடற்கரையில் ஜூலை மாதம் பனிமூட்டக் காலம். அந்த மண்ணில் இப்படியொரு சொல் அச்சேறியது பொருத்தமாகவே இருக்கிறது.

படம் வந்த பிறகு சொல்லுக்கு இறக்கை முளைத்தது உண்மை. 1996-இல் வியர்ட் ஆல் யாங்கோவிக் தன் இசைத்தொகுப்புக்கு இதையே தலைப்பாக வைத்து, அட்டையில் ராப் பாடகர் கூலியோவின் பின்னல்களைப் போலத் தன் முடியைக் கட்டிக்கொண்டு நின்றார். 2000-இல் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் மரியான் லாஃப்ரான்ஸ் இதை ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டார். முடி சரியில்லாத நாளை நினைக்கச் சொன்னதுமே மாணவர்களின் தன்மதிப்பு சரிந்தது; ஆண்களும் விலக்கல்ல. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ப்ராக்டர் அண்ட் கேம்பிள். ஷாம்பூ விற்கும் நிறுவனம் என்பதை மறக்காமல்தான் அந்த முடிவை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பஃபி இந்தச் சொல்லை ஊர் ஊராகக் கொண்டுபோனாள், பெற்றவள் அவளல்ல. இன்று என் கைக்கு எட்டியவரை மிகப் பழைய அச்சுச் சான்று, 1988 ஜூலையில் சான்டா ரோசா நாளேட்டில் வந்த அந்த ஒரு வாக்கியம். வகுப்பில் இனி சூசன் ஸ்வார்ட்ஸின் பெயரைத்தான் முதலில் சொல்வேன். எண்பதுகளில் அமெரிக்காவில் படித்த, வேலை பார்த்த அக்காவோ அத்தையோ உங்களுக்கு இருந்தால், அவர்கள் வைத்திருக்கும் பழைய கடிதங்களையும் கல்லூரி இதழ்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அந்த ஜூலைக்கு முந்தைய தேதியோடு இந்தச் சொல் எங்காவது தட்டுப்பட்டால், தாளைப் பத்திரப்படுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.